பூண்டு மூட்டை ஓட்டம்

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் முதல் நாள் ஏரியைச் சுற்றுவார்கள், தூண் பாறைக்குப் போய் மூடுபனியைப் பார்ப்பார்கள், சாக்லெட் வாங்குவார்கள். இரண்டாம் நாள் காலையில் லாட்ஜ் வரவேற்பறையில் வந்து நின்றுகொண்டு, "வேற என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியால்தான் எனக்கு இந்த வம்பு வந்தது.

பேருந்து நிலையத்துக்கு மேலே ஏறும் சரிவில் நான் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கணினி ஒன்று, பிரிண்டர் இரண்டு. அதில் ஒன்று ஈரம் ஏறினால் வேலை செய்யாது. எங்கள் ஊரில் ஈரம் ஏறாத நாள் எது என்பதால், பிரிண்டர் ஒன்று என்று சொல்வதே சரி. மூன்று வருடங்களுக்கு முன்பு பக்கத்து லாட்ஜ் மேனேஜர் ஒருநாள் வந்து, "அக்கா, கெஸ்ட்டுங்க தொல்லை தாங்கல. இந்த மாசம் ஊர்ல என்னென்ன நடக்குதுன்னு ஒரே பேப்பர்ல போட்டுக் குடுங்க, டேபிள் மேல வச்சிடுறேன்" என்றார். அப்படித்தான் 'இம்மாத நிகழ்ச்சிகள்' தொடங்கியது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். கலை, இசை, விளையாட்டு, மலைநடை என்று நான்கு பிரிவுகள். பிறகு மற்ற லாட்ஜ்களும் கேட்டன. டீக்கடைகளில் ஒட்டினார்கள். வாட்ஸ்அப்பில் படம் எடுத்துப் போட்டார்கள்.

எங்கள் ஊரில் நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் நடத்துகிறவர்கள் யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். நடந்து முடிந்த பிறகு போட்டோ அனுப்புவார்கள். முன்கூட்டியே தவறாமல் சொல்கிறவர் ஒரே ஒருவர்தான், ஒரு புல்லாங்குழல்காரர். மாதாமாதம் 'மாலை நேர இசை' என்று பெயர் கொடுப்பார். மூன்று முறை மழை வந்தது. ஒரு முறை மின்தடை. ஐந்தாம் முறை வானம் துடைத்து வைத்தது போல இருந்தது, கேட்க யாரும் வரவில்லை. நல்லவேளையாக அவரும் வரவில்லை.

என் கணவர் இங்கே ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். உண்மையைத் தவிர வேறெதையும் பேசாத மனிதர், அதனால் வீட்டில் அதிகம் பேச்சு இருக்காது. நான் தயாரிக்கும் தாளை ஒவ்வொரு மாதமும் சிவப்புப் பேனாவால் திருத்துவார், அச்சாகி எல்லா லாட்ஜுக்கும் போன பிறகு. முன்னாலேயே காட்டினால் "சோலி கெடக்கு" என்பார். ஒரு முறை ஓர் ஓவியர் மூடுபனி ஓவியங்களைக் கண்காட்சி வைத்தார். எட்டுப் படங்கள், எட்டும் வெள்ளை. நான் அதற்கு 'கண்ணைப் பறிக்கும்' என்று போட்டிருந்தேன். என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து அந்தச் சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டு, பக்கத்தில் 'எது?' என்று எழுதி வைத்தார்.

அடைமொழி போடுவது என் பழக்கம் இல்லை. லாட்ஜ் மேனேஜர்தான் சொல்லிக்கொடுத்தார். "சும்மா 'பூப்பந்துப் போட்டி'ன்னு போட்டா எவனும் எந்திரிச்சு வர மாட்டான்க்கா. 'விறுவிறுப்பான'ன்னு ஒண்ணு சேர்த்து விடுங்க." அன்றிலிருந்து எல்லா வரியிலும் ஒன்று சேர்த்து விடுவேன்.

அந்த மாதம் தாள் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. விளையாட்டுப் பிரிவில் இருந்த பூப்பந்துப் போட்டியைக் கடைசி நேரத்தில் தள்ளி வைத்துவிட்டார்கள். அந்த இடம் வெள்ளையாக இருந்தது. சரியாக அப்போது ஒரு போன் வந்தது.

"அக்கா, நோட்டீஸ் போடுற கடைங்களா? பூண்டியிலருந்து பேசுறேன்."

பூண்டி மேல்மலையில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து மலைப்பாதையில் இரண்டு மணி நேரம். அங்கே பூண்டும் கேரட்டும் நன்றாக விளையும், சிக்னல் விளையாது. அவர் பேசியதில் பாதி காற்றில் போய்விட்டது.

"ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணிக்கு... ஓட்டம் இருக்குங்க்கா... பூண்டு மூட்டையோட... யாரு வேணாலும் வரலாம்னு போட்டு விடுங்க."

"எங்கருந்து ஆரம்பிக்குது?"

"ஊர் மந்தையிலருந்துதான்."

"எத்தன பேரு வரலாம்?"

பதில் வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டது. திரும்ப அழைத்தேன், கிடைக்கவில்லை. எனக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நாள், நேரம், இடம். காலி இடத்தில் தட்டச்சு செய்தேன்: 'பூண்டியின் பாரம்பரிய பூண்டு மூட்டை ஓட்டம். ஞாயிறு காலை 7 மணி. ஊர் மந்தை. அனைவரும் கலந்துகொள்ளலாம்.' 'பாரம்பரிய' என்பது என் கைச்சரக்கு. ஊரும் பூண்டும் மூட்டையும் சேர்ந்தால் அது பாரம்பரியமாகத்தானே இருக்கும்? ஆங்கிலப் பக்கத்தில் 'டிரெடிஷனல் கார்லிக் சேக் ரன்' என்று போட்டேன். படித்துப் பார்த்தபோது எனக்கே போய் ஓடலாம் போல இருந்தது.

தாள் போய் நான்கு நாட்களில் போன் வரத் தொடங்கியது. மற்ற நிகழ்ச்சிகளைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இதைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள். மூட்டை அங்கேயே கொடுப்பார்களா, தோளில் தூக்க வேண்டுமா தலையிலா, சைவமா என்றெல்லாம் கேட்டார்கள். திண்டுக்கல்லில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு உடற்பயிற்சி ஆசிரியர் பேசினார். காலையில் ஓடுகிறவர்கள் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் தலைவராம்.

"நாங்க பதினாலு பேரு வர்றோம்மா. மூட்டை என்ன எடை?"

"பத்து கிலோ இருக்கும் சார்" என்றேன். எங்கிருந்து அந்தப் பத்து வந்தது என்று எனக்கே தெரியாது.

"விதிமுறை எல்லாம் உண்டா?"

"அங்க சொல்லுவாங்க சார்."

பூண்டி எண்ணுக்கு நாளுக்கு நான்கு முறை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே, வெளியே, வெளியே. சனிக்கிழமை மத்தியானம் லாட்ஜ் மேனேஜர் கடைக்கே வந்துவிட்டார்.

"பதினோரு கெஸ்ட்டு வேன் புக் பண்ணியிருக்காங்கக்கா. ஏற்பாடு உங்களோடதுன்னு சொல்லிட்டேன். நீங்களும் வாங்க."

"ஏற்பாடு என்னோடது இல்லையே. நான் நோட்டீஸ் மட்டுந்தான..."

"அவங்களுக்கு அது தெரியாதுல்ல?"

வீட்டில் சொன்னேன். என் கணவர் தாளை எடுத்து அந்த வரியை இரண்டு முறை படித்தார். "பாரம்பரியம்னு உனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார். நான் கம்பளித் தொப்பியைத் தேடினேன். "நானும் வர்றேன்" என்றார். துணைக்கு வருகிறாரா, சாட்சிக்கு வருகிறாரா என்று தெரியவில்லை.

ஞாயிறு வெள்ளனே வேன் கிளம்பியது. கூட வந்த பதினோரு பேரில் ஒரு புதுமணத் தம்பதி இருந்தார்கள். மாப்பிள்ளை கோயம்புத்தூர். உடம்பை ஒட்டிய மஞ்சள் சட்டை, முழங்காலுக்குக் கருப்பு உறை, கையில் இதயத் துடிப்பை எண்ணும் கடிகாரம். தேனிலவுக்கு வந்த இடத்தில் அந்தக் கடிகாரத்தைத்தான் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தார். பெண் சுடிதாரும் ரப்பர் செருப்புமாக, மருதாணி கலையாத கையில் அவருடைய தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்தபடி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தாள். வளைவுக்கு வளைவு தலை கண்ணாடியில் இடித்தது. எழுந்திருக்கவில்லை.

"ஆன்ட்டி, இது எத்தன வருஷமா நடக்குது?" என்று மாப்பிள்ளை என்னிடம் கேட்டார்.

என் கணவர் பக்கத்தில் இருந்தார். பொய் சொல்ல வழியில்லை. "பூண்டு மூட்டை ரொம்ப வருஷமா தூக்கிட்டுதான் இருக்காங்க" என்றேன். அது உண்மைதான் என்பதால் என் கணவர் தலையாட்டினார்.

பூண்டி போய்ச் சேர்ந்தபோது ஏழாக ஐந்து நிமிடம். ஊர்ப் பொதுத் திடலான மந்தையில் பனி முழங்கால் உயரத்துக்கு நின்றது. அந்தப் பனிக்குள் ஒரு பழைய வேன் நின்றது, மேலே பூண்டு மூட்டைகள் கட்டியிருந்தன. ஊர்க்காரர்கள் ஒரு பக்கம் போர்வையும் குல்லாவுமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தது பளபளக்கும் உடைகளில் வந்திருந்த திண்டுக்கல் குழுவை. பதினான்கு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், வந்திருந்தது இருபது. அவர்களில் ஒன்பது பேர் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் பின் ஏணியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர், "நெருக்கி உக்காருங்க, நெருக்கி உக்காருங்க. மிச்ச ஆளுக மேல ஏறுங்க" என்று கூவிக்கொண்டிருந்தார்.

ஓட்டம் தொடங்கும் இடம் வேறு எங்கோ இருக்கிறது, வண்டியில் கூட்டிப் போகிறார்கள் என்று ஓடுகிறவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஒருவர் வேன் கூரை மேல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து குனிந்து கால் விரலைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய், "நான்தான் நோட்டீஸ் போட்டது" என்றேன்.

டிரைவர் என்னைப் பார்த்த பார்வையில் நன்றியும் கோபமும் சரிபாதி இருந்தது. "நீங்கதானாக்கா? நாலு சீட்டுதான கெடக்குன்னு சொன்னேன். முப்பது பேர அனுப்பி விட்டுருக்கீங்க!"

"சீட்டா? என்ன சீட்டு?"

"வண்டி சீட்டுதாங்க்கா. சந்தைக்கு மூட்டை ஏத்திட்டுப் போறேன், நாலு சீட்டு சும்மா போகுது, வர்றவங்க வரலாம்னு போடச் சொன்னேன்."

"ஓட்டம்னு சொன்னீங்களே!"

"ஓட்டம்தான். வண்டி ஓட்டம். பின்ன நானா எந்திரிச்சு ஓடப் போறேன்?"

டிரைவர்கள் எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள்? 'இன்னைக்கு ஓட்டம் இல்ல', 'மதுரைக்கு ஒரு ஓட்டம் கெடைச்சது' என்று எங்கள் கடை வாசலில் நின்று தினமும் பேசுகிறார்கள். தினமும் காதில் விழுகிற சொல், விளையாட்டுப் பிரிவில் இடம் காலியாக இருந்ததால் எனக்கு வேறு விதமாகக் கேட்டுவிட்டது.

பின்னால் நின்ற என் கணவரின் தோள் குலுங்கியது. பதினெட்டு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்துவிட்டு, "சொல்லிடு. எல்லாரையும் கூப்பிட்டு இப்பவே உண்மையச் சொல்லிடு" என்றார்.

மந்தை நடுவில் ஒரு கல்மேடை இருந்தது. அதன் மேல் ஏறினேன். "எல்லாரும் மன்னிக்கணும். ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு" என்று தொடங்கினேன். அதற்குள் உடற்பயிற்சி ஆசிரியர் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதிவிட்டார். "எல்லாரும் எறங்கி வரிசையில நில்லுங்க! மேடம் ரூல்ஸ் சொல்றாங்க!" வேனுக்குள் இருந்தவர்கள், மேலே இருந்தவர், ஏணியில் தொங்கியவர்கள் எல்லோரும் இறங்கி வந்து எனக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். முப்பத்தோரு முகங்கள்.

அப்போது ஊர்க்காரர்கள் பக்கமிருந்து ஓர் அம்மா முன்னால் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆண்பிள்ளைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தார். அந்த வேன் இன்னும் கிளம்பாமல் நின்றதே அவருடைய மூட்டைகளுக்காகத்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

"இவுகள்லாம் எதுக்கு வந்திருக்காங்க தாயி?" என்று என்னிடம் கேட்டார்.

"பூண்டு மூட்டையத் தூக்கிட்டு ஓடுறதுக்குங்க."

"காசுக்கா?"

"இல்லங்க. சும்மா."

"சும்மாவா?" அவர் ஒரு கணம் அந்த வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார். "ஏலே, வண்டிய ஆப் பண்ணுடா. என் மூட்டைக்கு ஆளு வந்துருச்சு."

விஷயம் இதுதான். அவருடைய தோட்டம் ஓடைக் கரையில், கீழே இருந்தது. அங்கே வண்டி போகாது. கல் பரப்பிய படிகளில் மூட்டையைத் தூக்கிக்கொண்டுதான் மந்தைக்கு ஏற வேண்டும். அன்றைக்குப் பக்கத்து ஊரில் கல்யாணம். தூக்குகிற ஆட்கள் எல்லாம் வெரசாக அங்கே கிளம்பிப் போய்விட்டார்கள். பதினாறு மூட்டை கீழே கிடந்தது.

அந்த அம்மாவே மேடையில் ஏறி என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு விதிமுறைகளைச் சொன்னார். "கீழ தோட்டத்துல மூட்டை கெடக்கு. தூக்கிட்டு மேல வரணும். இந்த வண்டில வைக்கணும். யாரு மொதல்ல வைக்கிறாங்களோ அவுக செயிச்சாங்க. மூட்டையக் கீழ போட்டா பல்லு உதிரும். என் பல்லு இல்ல, பூண்டுப் பல்லு. பாத்துக் கொண்டாங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். "செம ஆத்தென்டிக்" என்றார் மஞ்சள் சட்டை மாப்பிள்ளை.

தோட்டத்துக்கு இறங்கினோம். மூட்டைகள் ஒரு தார்ப்பாய் மேல் அடுக்கியிருந்தன. மாப்பிள்ளை முதல் ஆளாகப் போய், கால்களை அகட்டி, மூச்சை இழுத்து, ஒரு மூட்டையைக் கட்டிப் பிடித்தார். முகம் சிவந்தது. கடிகாரம் பீப் பீப் என்று அடித்தது. மூட்டை அசையவில்லை.

"பத்து கிலோன்னு சொன்னாங்களே" என்று உடற்பயிற்சி ஆசிரியர் என்னைத் தேடினார். நான் என் கணவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"பத்துக் கிலோவ மூட்டைன்னு யாரு சொல்லுவா? அது பை" என்றார் அந்த அம்மா. ஆனாலும் இரக்கப்பட்டு, வீட்டிலிருந்து வெற்றுச் சாக்குகளைக் கொண்டுவரச் சொல்லி, எல்லாவற்றையும் அரை மூட்டைகளாகப் பிரித்துக் கட்ட வைத்தார். முப்பத்திரண்டு அரை மூட்டை ஆனது. வந்தவர்கள் முப்பத்தோரு பேர். தம்பதியில் அந்தப் பெண்ணையும் சேர்த்துத்தான் கணக்கு. அவள், "நான் பாட்டில் பிடிக்கத்தான் வந்தேன்" என்றாள். அந்த அம்மா விடவில்லை. "ஒரு கையில அதப் பிடி கண்ணு, தோள்ல இதப் பிடி."

மிச்சம் ஒரு மூட்டை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏற்பாடு உங்களோடதுதான தாயி?" என்றார் அந்த அம்மா.

ஒரு ரீம் பேப்பருக்கு மேல் கனமானதை நான் தூக்கியதில்லை. என் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்த மலைக்கு வந்து குடியேறியவர்கள். அங்கே அம்மா கொழுந்துக் கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு மலை ஏறியதை நூறு முறை சொல்லியிருக்கிறார். அந்த ரத்தம்தானே என்று எனக்கு ஒரு தைரியம் வந்தது. துப்பட்டாவை மூட்டையில் கட்டி, மடித்து நெற்றியில் மாட்டினேன். என் கணவரை மேலே போய் முடிவுக் கோட்டில் நிற்கச் சொன்னார்கள். பெயர்களை வரிசையாக எழுதுவது அவர் வேலை. சட்டைப் பையில் சிவப்புப் பேனா தயாராக இருந்தது.

விசில் ஊதியது. முப்பத்திரண்டு பேரும் பாய்ந்தோம். பத்தாவது படியிலேயே ஓட்டம் நடை ஆனது. இருபதாவது படியில் நடை நிற்பது ஆனது. திண்டுக்கல் குழுவில் ஒருவர் தினமும் அரை மாரத்தான் ஓடுகிறவராம், அவர் மூட்டையை இறக்கி வைத்து அதன் மேல் உட்கார்ந்து, சமவெளியில் ஓடுவதுதான் உண்மையான விளையாட்டு என்று பக்கத்தில் போகிறவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார். பனி இறங்கியதில் இரண்டு பேர் வழி மாறி வேறொருவர் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். அந்தத் தோட்டக்காரர் தன் பூண்டைத்தான் யாரோ தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று கத்திக்கொண்டு துரத்தினார். அந்த இரண்டு பேர் மட்டும் அன்று உண்மையாகவே ஓடினார்கள்.

மாப்பிள்ளை நன்றாகத்தான் ஏறினார். பாதி வழியில் ஈரக் கல்லில் கால் வழுக்கி, மூட்டையை மட்டும் மார்போடு அணைத்தபடி, பக்கத்துக் கேரட் பாத்தியில் போய் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். அது அவருக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறது, அன்றைய இலக்கை முடித்துவிட்டாராம்.

என் கதை சுருக்கமானது. நெற்றிக் கயிறு முப்பது படி வரை வேலை செய்தது. அதற்குப் பிறகு மூட்டை பின்னால் இழுக்க, என் முகம் வானத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. படி தெரியவில்லை. வானமும் தெரியவில்லை, பனிதான் தெரிந்தது. நல்ல மனம் கொண்ட ஒரு ஐ.டி. பெண் பின்னாலிருந்து என் மூட்டையைக் கையால் தாங்கிக்கொண்டு, "இடது கால், வலது கால்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அப்போதுதான் எங்களைத் தாண்டி ஒருத்தி போனாள். ரப்பர் செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தாள். மூட்டை கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில், பசை போட்டு ஒட்டியது போல இருந்தது. அவசரமே இல்லை. மூச்சு வாங்கவும் இல்லை. ஒரு கையில் தண்ணீர்ப் பாட்டில். பாத்தியில் உட்கார்ந்திருந்த கணவரைக் கடக்கும்போது மட்டும் ஒரு நொடி நின்று, "தண்ணி வேணுமா?" என்று கேட்டு, பாட்டிலை அவர் மடியில் போட்டுவிட்டுப் போனாள். முதல் மூட்டையை வண்டியில் வைத்தது அவள்தான். இரண்டாவது ஆள் வர ஐந்து நிமிடம் ஆனது. அதற்குள் அவள் இறங்கிப் போய்க் கணவரின் மூட்டையையும் தூக்கி வந்து வைத்துவிட்டாள். எந்தப் பெயரில் எழுதுவது என்று என் கணவர் குழம்பி, விதிமுறையைக் கேட்க ஆசிரியரைத் தேடினார். ஆசிரியர் அறுபதாவது படியில் விசிலை மட்டும் ஊதிக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா?" என்று அவளிடம் கேட்டேன். நான் கடைசிக்கு முந்தின ஆளாக வந்து தரையில் படுத்திருந்தேன்.

"எங்க வீட்டுக்கு ஒட்டன்சத்திரத்துல வெங்காய மண்டிங்க்கா. லீவு நாள்ல நானும் அண்ணனும் லோடு எறக்குவோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவருக்கு இது தெரியாது. பொண்ணு பாக்க வந்தப்ப, பாட்டு கேக்கப் பிடிக்கும்னுதான் சொல்லியிருந்தோம்" என்றாள்.

மாப்பிள்ளை பின்னால் பாட்டிலும் சேறுமாக வந்து நின்றார். கோபப்படுவாரோ என்று பார்த்தேன். அவர் அவளையே பார்த்தார். அவள் தோளைப் பார்த்தார். "எனக்கும் சொல்லித் தர்றியா?" என்று கேட்டார். தூங்கிக்கொண்டே வந்த பெண் அந்த நாளில் முதல் முறையாகச் சிரித்தாள்.

எல்லோரும் வந்து சேர்ந்து, ஊர்க்காரர்கள் கொடுத்த வரக்காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தபோது நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஓட்டம் என்று நான் கேட்டது, டிரைவர் சொன்னது, காலி இடம், எல்லாவற்றையும் சொன்னேன். யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி அது மந்தை முழுக்கப் பரவியது. வேன் கூரையில் உட்கார்ந்து உடற்பயிற்சி செய்தவர்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். உடற்பயிற்சி ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தாளை மடிப்புப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டம், சரி. பாரம்பரியம்னு போட்டிருக்கே, அது?"

என் கணவர் ஆவலோடு என்னைப் பார்த்தார். அவர் வீட்டிலேயே கேட்ட கேள்வி.

எனக்கு முன்னால் அந்த அம்மா பதில் சொல்லிவிட்டார். "அதுல என்ன தப்பு? எங்க அப்பா காலத்துலருந்து இந்தப் படியிலதான் தூக்கிட்டு ஏறுறோம். கை தட்டுறதுக்கு ஆளு வந்தது இன்னைக்குத்தான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பி அந்தப் படிகளைப் பார்த்தார்கள். கடைசிப் படியில் உட்கார்ந்திருந்த அரை மாரத்தான்காரர் எழுந்து வழியை விட்டார். சமவெளியைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவில்லை.

பரிசு என்று ஒன்று யாரும் யோசிக்கவில்லை. அந்த அம்மா காய்ந்த தண்டோடு பின்னிய ஒரு பெரிய பூண்டுக் கட்டைக் கொண்டுவந்து மணப்பெண்ணின் கழுத்தில் மாலை போல மாட்டினார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கைப்பிடி. வேனில் திரும்பும்போது கண்ணாடியைத் திறந்தால் குளிர், மூடினால் பூண்டு. இரண்டு மணி நேரமும் திறப்பதும் மூடுவதுமாக வந்தோம். லாட்ஜ் மேனேஜர், தேனிலவு அறையில் மூன்று நாள் வேறு யாரையும் தங்க வைக்க முடியவில்லை என்று பிறகு சொன்னார். டிரைவருக்கு நான்கு சீட்டும் நிரம்பின. திண்டுக்கல் குழுவில் நான்கு பேர் தங்கள் வண்டி வரை நடக்க முடியாமல் அவரோடேயே மலை இறங்கினார்கள்.

வீட்டில் என் அம்மாவிடம் நெற்றிக் கயிறு விவகாரத்தைச் சொன்னேன். பெருமைப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஏன் பிள்ள, பின்னுக்குச் சாஞ்சா ஏறினே? கூடை மாட்டினா குனிஞ்சு போகோணும், விளங்குதா? ஓடவும் கூடாது. நாங்க மலையில ஓடினது அட்டை கடிச்சா மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு, தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் கடையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. ஆனால் தாளில் ஐந்தாவதாக ஒரு பிரிவு சேர்த்துவிட்டேன்: வண்டிகள். மேல்மலையிலிருந்து எந்த வேன் எப்போது கிளம்புகிறது, எத்தனை சீட்டு காலி என்று அதில் போடுகிறேன். சுற்றுலா வருகிறவர்கள் அதைப் படிப்பதில்லை. ஊர்க்காரர்கள் அதைத் தவிர வேறு எதையும் படிப்பதில்லை.

அடுத்த பூண்டு அறுவடை நெருங்கியபோது கடை எண்ணுக்கு ஒரு போன் வந்தது. அந்த அம்மாதான். எங்கோ உயரமான இடத்தில் ஏறி நின்று பேசினார் போல, இந்த முறை ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"தாயி, போன தடவ மாதிரியே ஒரு நோட்டீஸ் போடுங்க."

"ஓட்டம்னே போடவாங்க?"

"ஐயோ, ஓடுறவங்க வேணாம். அதுக பாதி வழியில உக்காந்துக்கிருதுக. அந்த ஒட்டன்சத்திரத்துப் புள்ள மாதிரி நாலு பேரு கெடைச்சாப் போதும். கூட வர்ற மாப்பிள்ளைங்களுக்கு நான் காப்பி வச்சுக் குடுத்துர்றேன்."